நாலு விரல் பதிந்த வெண்ணெய்

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அத்தை வந்து எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றாள். கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. அதற்குள் வெண்ணெய். கார்த்திகை தீபத்துக்கு நெய் காய்ச்சிக் கொடுப்பதற்காக ஆடி மாதக் கடைசியிலிருந்து அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது.

"இத இன்னும் வெச்சிகினு இருக்கீங்களா? எட்துகினு போயி கொட்டுடி" என்றாள்.

நான் தூக்கை அவள் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்பாவின் அக்கா அவள். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவள் சொல்படிதான் நடக்கும். அவளிடமிருந்து ஒரு பொருளைப் பிடுங்குவேன் என்று நானே நினைத்ததில்லை. அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டார்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் தெருத்தெருவாக நெய் டின் வரும். வீட்டுக்கு வீடு அவரவர் காய்ச்சின நெய்யை அதில் ஊற்றுவார்கள். அப்புறம் மேளத்தோடு வேனில் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மலை உச்சியில் கொப்பரையில் எரிகிற தீபத்துக்கு எத்தனையோ ஊர் நெய் சேரும், எங்கள் ஊர் நெய்யும் சேரும். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தீபம் தெரியும். அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு தடவை கூட நெய் ஊற்றாமல் இருந்ததில்லை. நான் பிறந்து பத்தாம் நாள் டின் வந்தபோது மட்டும் பக்கத்து வீட்டுக்காரியை ஊற்றச் சொன்னாளாம். இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். ஆறாம் நாள் அவள் இல்லை.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. கோயிலுக்குப் போகக்கூடாது, மலை ஏறக்கூடாது. எனக்கும் தெரியும். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்போது கடைந்த வெண்ணெய்க்கு எப்படித் தீட்டு வரும் என்று அத்தையிடம் கேட்டேன். சாவு விழுந்தால் அந்த வீட்டு உப்பு மிளகாய் வரைக்கும் தீட்டுதான் என்றாள். நம் வீட்டு நெய்யை ஊற்றினால் டின்னில் இருக்கும் ஊர் நெய் முழுக்கத் தீட்டாகிவிடும், நாளைக்கு யார் வீட்டில் எது நடந்தாலும் நம்மைத்தான் சொல்வார்கள் என்றாள். அவள் பயந்தது சாமிக்கு இல்லை, தெருவுக்கு. அதையும் நான் வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அழுகை வந்துவிட்டது.

அந்த வெண்ணெயைக் கொட்ட விடாததற்கு உண்மையான காரணம் தீபம் இல்லை. அத்தையிடம் நான் அதைச் சொல்லவில்லை. அம்மா வெண்ணெயை மோரிலிருந்து வழித்து எடுத்து, தூக்கில் போட்டு, தண்ணீர் பிரிவதற்காக மேலே நாலு விரலை வைத்து அழுத்துவாள். அவளுக்கு வலது கை நடுவிரல் வளைந்தே இருக்கும். தீவனம் வெட்டுகிற மெஷினில் மாட்டி எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதனால் மூன்று விரல் நீளமாகப் பதியும், நடுவிரல் மட்டும் நுனி குத்தி ஒரு குழி மாதிரி விழும். கடைசியாகக் கடைந்த அன்றைக்கும் அப்படி அழுத்தி வைத்திருந்தாள். மறுநாள் காய்ச்சல்.

அவளைக் கொண்டுபோன மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் தூக்கைத் திறந்தேன். அந்தப் பள்ளங்களுக்கு மேலே என் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். தொடவில்லை. அம்மா கை என் கையைவிடச் சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தோரு வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். அளந்து பார்த்ததில்லை.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் ஒரு கஃபேயில் வேலை செய்கிறேன். பழம் நறுக்குவது, தோசை ஊற்றுவது, டேபிள் துடைப்பது. மெனு கார்டில் இருக்கிற இங்கிலீஷும் சண்டை போடத் தேவையான இங்கிலீஷும் தெரியும். கார்த்திகை பிறந்ததும் மறுபடி வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அத்தையைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அயர்லாந்துக்கார மேடம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருக்கும். வருஷா வருஷம் குளிருக்கு இங்கே வந்து தங்குகிறவர். அவர் ஊரில் வெண்ணெய்க்கு என்றே ஒரு மியூசியம் இருக்கிறதாம். அதில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். இந்த வருஷம் வாடகை வீட்டு முன்னறையில், ஓனர் பைக் நிறுத்துகிற இடத்தில், தானே ஒரு சின்ன மியூசியம் வைத்திருந்தார். வாசலில் கையால் எழுதின போர்டு, ‘அயர்லாந்து வெண்ணெய் அருங்காட்சியகம்’ என்று. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்கு அது பெரிய தமாஷ். "வெண்ணைய பாக்க ஒரு மியூசியமா மேடம்? எங்க ஊட்டுக்கு வாங்க, உறியிலயே தொங்குது" என்று ஒருவர் சொல்ல, அர்த்தம் புரியாமலே மேடமும் சேர்ந்து சிரித்தார். பார்க்க வந்தவர்கள் குறைவு.

ஒருநாள் டோஸ்டோடு வைத்த பாக்கெட் வெண்ணெயைத் தள்ளிவிட்டு, இந்த ஊரில் கையால் கடைகிறவர்கள் யாராவது உண்டா என்று என்னைக் கேட்டார். எங்க அம்மா கடைவாங்க என்றேன். அம்மா வீட்டில் இருக்கிற மாதிரியே சொல்லிவிட்டேன். மேடம் முகம் மலர்ந்து, கட்டாயம் அவர்களை மியூசியத்துக்குக் கூட்டி வா என்றார். சரி மேடம் என்றேன். அப்புறம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் மத்தியானம் தனியாகப் போனேன். பொய்யை அப்படியே விட்டுவைக்க மனசு வரவில்லை.

உள்ளே போகவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றி நின்றுவிட்டேன். அறை நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரப்பீப்பாய், மூடியில் ஓட்டை, அதில் ஒரு நீளக் கம்பு. மேடம் கடைந்துகொண்டிருந்தார். துக்க வீட்டுக்காரி அடுத்தவர் கடையும்போது உள்ளே போகலாமா? அம்மா போன பிறகு பக்கத்து வீட்டில் அப்பளம் இடும்போது கூட என்னைக் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்ததற்கு, "அப்புறமா வா" என்றார்கள். அதனால் வாசலில் இருந்தே சொன்னேன். அம்மா செத்துட்டாங்க மேடம், ஒன்றரை மாசம் ஆச்சு. நான் இப்ப உள்ள வரக்கூடாது.

மேடம் கடைவதை நிறுத்தவில்லை. ஸாரி என்றார். அப்புறம் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் வெண்ணெய் கடையும்போது யார் வாசலில் வந்து நின்றாலும், அவர்கள் கம்பைப் பிடித்து நாலு தடவையாவது கடைந்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். கை வைக்காமல் போனால்தான் வெண்ணெய் திரளாதாம், அதிர்ஷ்டத்தை எடுத்துப்போய்விட்டதாகச் சொல்வார்களாம். துக்கத்தில் இருந்தால் கூடவா என்று கேட்டேன். யாராக இருந்தாலும் என்றார். "கை கழுவு. வா" என்று தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் மூன்று அது.

கை கழுவிவிட்டு உள்ளே போனேன்.

வீட்டில் செய்கிற மாதிரி கம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்து சுற்றுவதுபோலச் சுற்றினேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அது சுற்றுவது இல்லையாம், மேலும் கீழும் இடிப்பதாம். இடிப்பதுதானே என்று உலக்கை போடுகிற மாதிரி ஒரு போடு போட்டேன். ஓட்டை வழியாகப் பால் பீறிட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் அடித்தது. படத்தில் இருந்த கழுதை வண்டிக்காரன் முகமெல்லாம் பாலாடை. நானும் சிரித்தேன். அம்மா போன பிறகு முதல் சிரிப்பு அதுதான். சிரித்ததும் வெட்கமாகவும் இருந்தது.

வெண்ணெய் திரளவில்லை. நம் ஊர் வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைந்தால் எப்படித் திரளும்? அம்மா விடியலில் கடைந்துவிடுவாள். ஐஸ் தண்ணி ஊத்துங்க மேடம் என்றேன். பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கிவந்து போட்டோம். அந்தப் பீப்பாயும் ஒழுகியது. நிஜப் பீப்பாயை ஃபிளைட்டில் கொண்டுவர முடியாது என்று படத்தைக் காட்டி இங்கே இருக்கும் ஆசாரி ஒருவரிடம் செய்தாராம். கீழே ஒரு பிளாஸ்டிக் டப் வைத்திருந்தார். நான் இடிக்க, அவர் டப்பில் விழுந்ததை மறுபடி ஊற்ற, ஒரு வழியாகத் திரண்டது. அதில் அவர் உப்பைப் போட்டுப் பிசைந்து என் வாயில் கொஞ்சம் வைத்தார். வெண்ணெயில் உப்பு. துப்பக்கூடாதே என்று முழுங்கினேன்.

அப்புறம் சுற்றிக் காட்டினார். கப்பல் படங்கள். அந்த ஊர் வெண்ணெயைப் பீப்பாயில் அடைத்து முத்திரை குத்திக் கடல் தாண்டி அனுப்புவார்களாம். கடைந்தவர்கள் அதைச் சாப்பிடவில்லையாம். நிலத்துக்காரனுக்குக் குத்தகை கட்ட வெண்ணெயை விற்றுவிட்டு, உருளைக்கிழங்கும் மோரும் சாப்பிட்டார்களாம். நாங்களும்தான் என்று சொன்னேன். பால் சொசைட்டிக்கு, வெண்ணெய் தீபத்துக்கு. எங்களுக்கு மோர். எனக்கு மோர் பிடிக்கும் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மேஜையில் மர அச்சுகள். ஒன்றில் பூ, ஒன்றில் பசு, ஒன்றில் ஏதோ பறவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அச்சாம். சந்தையில் வெண்ணெயைப் பார்த்ததும் இது இன்னார் வீட்டுது என்று தெரியுமாம். எங்கள் அம்மாவுக்கும் அச்சு உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கை விரலைக் காட்டி, நடுவிரலை வளைத்துக் காட்டினேன். இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்றேன். மேடம் என் கையையே பார்த்தார்.

கடைசியாக ஒரு படம். கறுப்பான ஒரு கட்டி, பார்க்க எருமுட்டை மாதிரி. அதுவும் வெண்ணெயாம். அந்தக் காலத்தில் சதுப்பு நிலத்துச் சேற்றில் புதைத்து வைப்பார்களாம், கெடாமல் இருக்க. இப்போது தோண்டினால் கிடைக்கிறதாம், ஆயிரம் வருஷத்துக்கு மேலானது கூட. ஏன் எடுக்காமல் விட்டார்கள் என்று கேட்டேன். தெரியாது, வைத்தவர்கள் திரும்பி வரவில்லை என்றார். சும்மா பதில் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

கிளம்பும்போது மேடம் ஒன்று கேட்டார். அந்த வெண்ணெயைக் கொண்டுவர முடியுமா? மேலே மாவு மாதிரி ஒன்றை ஊற்றி விரல் பதிவை அச்சு எடுத்து, அந்த மேஜையில் மற்ற அச்சுகளோடு வைக்கலாம். எத்தனை வருஷமானாலும் இருக்கும். உடனே ஒரு அட்டையை எடுத்து எழுதியும் காட்டினார். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கிராமத்துப் பெண், திருவண்ணாமலை.’

நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் சுர்ரென்று ஏறியது.

"எங்க அம்மா மியூசியத்துல வெக்கறதுக்கு கடையல மேடம். எரியறதுக்குக் கடைஞ்சாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. அட்டையைத் திருப்பி வைத்தார். ஓகே என்றார். நான் செருப்பு போடும்போது வெளியே வந்து, நாங்கள் திரட்டின வெண்ணெயில் பாதியை வாழை இலையில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அச்சு எடுத்தால் அம்மா கை எனக்கு எப்போதும் இருக்கும். ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சேற்று வெண்ணெய் கண்ணிலேயே நின்றது. எதற்கோ வைத்தது, யாரோ வராமல் போனதால் ஒன்றுக்கும் ஆகாமல் கறுத்துப்போனது. நானும் ஃபிரிட்ஜைச் சேறு மாதிரித்தான் வைத்திருக்கிறேன். அத்தை கொட்டச் சொல்கிறாள், மேடம் வைக்கச் சொல்கிறார். அம்மா எதற்குச் சேர்த்தாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் விரல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினேன். மேடம் கொடுத்ததில் உப்பு இருந்ததால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். தூக்கிலிருந்த வெண்ணெயை உடையாமல் அப்படியே முழுசாக வாணலியில் இறக்கினேன். அடியில்தான் முதலில் உருகியது. மேலே விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம் மூன்று நீளப் பள்ளமும் சரிந்தது. நடுவிரல் குழி மட்டும் கடைசி வரை ஒரு சின்னக் கட்டியில் மிதந்துகொண்டிருந்தது. நான் கரண்டி போடவில்லை. அதுவாகக் கரையட்டும் என்று விட்டேன். அழுதேன். கண்ணீர் விழுந்துவிடாமல் தள்ளி நின்று அழுதேன்.

நெய்யில் போட முருங்கை இலைக்குத் திரும்பினால், அடுப்புப் பக்கத்தில் ஒரு கொத்து இருந்தது. கழுவி, ஈரம் போகத் துடைத்து. அப்பா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் இந்த விஷயத்தில் பேசியது அவ்வளவுதான்.

நெய் வாசனைக்கு அத்தை இரண்டு தெரு தாண்டி வந்துவிட்டாள்.

"ஊர் டின்ல ஊத்தலாம்னு பாக்கறியா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

"ஊர் டின்ன யாரு கேட்டா? நானே எட்துகினு போறேன்."

"ரெண்டு மாசத்து வெண்ண. ஊசிப் போயிருக்கும். அத சாமிக்குக் குடுப்பியா?"

"அயர்லாந்துல ஆயிரம் வருஷம் சேத்துல கெடந்த வெண்ணைய எட்து படம் புடிச்சி மாட்டி வெச்சிருக்காங்க அத்த."

"துன்னாங்களா?" என்றாள்.

அதை மேடத்திடம் கேட்க மறந்திருந்தேன். அத்தை இதுதான் சாக்கு என்று சாவைப் பற்றியும் என் கல்யாணத்தைப் பற்றியும் ஒரு மூச்சு பேசினாள். ஒரு வருஷம் பொறுத்தால் என்ன, அடுத்த வருஷம் காய்ச்சிக்கொடு என்றாள். அடுத்த வருஷ நெய் நான் கடைந்ததாக இருக்கும், அம்மா கடைந்தது இது ஒன்றுதான் என்றேன். அவள் வாணலியை எட்டிப் பார்த்தாள். இருந்தும் போகும்போது, போனால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டேன். கோயிலுக்குள் நான் போகவில்லை. வெளியே நெய் வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்றேன். அந்த அளவுக்கு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லை பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் நின்ற பொம்பளை திரும்பினாள். எங்கள் ஊர்க்காரி. அம்மா சாவுக்கு வந்து அழுதவள்.

"ஏம்மா, நீ இங்க வரலாமா?"

"நான் வரல. எங்க அம்மாதான் வந்துருக்காங்க" என்று தூக்கைக் காட்டினேன்.

அவள் எனக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றாள். தீட்டு பட்டுவிடும் என்று நகர்ந்தாளா, முன்னால் போ என்று விட்டாளா தெரியாது. நான் முன்னால் போனேன்.

நெய் வாங்குகிறவர் தூக்கை வாங்கிப் பெரிய டின்னில் கவிழ்த்தார். மோந்து கூடப் பார்க்கவில்லை. யார் பேரில் என்று கேட்டார். அம்மா பேரைச் சொன்னேன். செத்துப்போனவர் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நட்சத்திரம் என்றார். அம்மாவுக்கு நட்சத்திரம் எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது, மழைக்காலத்தில் பிறந்ததாகச் சொல்வாள். கார்த்திகை என்று போட்டுக்குங்க என்றேன். நோட்டில் எழுதினார். பேரை அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

தீபத்தன்று கஃபேக்கு லீவு. கூட்டத்தில் ரோடு எல்லாம் அடைத்துவிடுவார்கள். சாயங்காலம் நானும் அப்பாவும் மாடியில் இருந்தோம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். மலையில் தீபம் தெரிந்ததும் ஏற்றுவார்கள். எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆறு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் படியில் மூச்சு வாங்குகிற சத்தம். அத்தை. அவள் வீடு தாழ்வான வீடு, முன்னால் புதிதாக யாரோ மாடி கட்டி மலையை மறைத்துவிட்டார்கள். எப்போதும் எங்கள் மாடிக்குத்தான் வருவாள். வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் என்னைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

மலை மேல் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. தெருவில் வெடி வெடித்தார்கள். அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

"கும்புடாத அத்த. அதுல எங்க வீட்டு நெய் எரியுது" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கையையும் இறக்கவில்லை. மறுபடி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயசாகிவிட்டது, ரொம்ப நேரம் கையைத் தூக்கி வைத்திருக்க முடியாது. ஆனாலும் இறக்கவில்லை.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த வருஷம் வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கு இல்ல என்றார். ஜாஸ்தி எல்லாம் இல்லை. எல்லா வருஷமும் போலத்தான் இருந்தது. நான் ஆமாம்பா என்றேன்.